பூசைக்குப் போன ஸ்பானர்

அந்தப் பில்டரைப் பூட்டச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து நான்கு வயது. கொட்டகலைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தோட்டத்துக்கு ஒரு டீசல் பிக்கப் இருந்தது. கொழுந்து மூட்டையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி வரை எல்லாம் அதில்தான். மலை ஏறி ஏறி, அதன் எஞ்சின் ஒயில் ஊற்றிய கொஞ்ச நாளிலேயே தாராகிவிடும். அதைப் பார்த்துத் தோட்டத்தை நடத்திய துரை முகம் சுளித்த ஒரு காலையில், "பைபாஸ் பில்டர் ஒன்னு போட்டா ஒயிலு சுத்தமா இருக்குங்க. நானே பூட்டிருவேங்க" என்றேன். சில வாரங்களில் அது கொழும்பிலிருந்து மரப்பெட்டியில் வந்து இறங்கியது.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. எஞ்சினில் ஓடும் ஒயிலில் கொஞ்சத்தை மட்டும் ஒரு செப்புக் குழாய் வழியாகப் பிரித்து, பஞ்சு அடைத்த உருளைக்குள் விட வேண்டும். கரி அங்கே தங்கிவிடும். சுத்தமான ஒயில் இன்னொரு குழாயால் எஞ்சினின் அடித்தொட்டிக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்தச் செப்புக் குழாயில் ஒயில் அழுத்தத்தோடு பாயும். அதன் நட்டு தளர்ந்திருந்தால் இருக்கிற ஒயிலெல்லாம் ரோட்டில்தான். ஒயில் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

வண்டியின் டிரைவருக்கு இது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அந்தப் பிக்கப்பைத் தன் பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவுகிறவர். "நல்லா ஓடுற வண்டிக்கு மூக்குக் குத்தப் போறாரு நம்ம எஞ்சினியரு" என்று தொழிற்சாலை வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் அப்போது கிடையாது. "ஒரு சொட்டு ஒழுகுனாலும் ஸ்பானரத் தொடுறதையே விட்டுடுறேண்ணே" என்றேன், அதே சத்தத்தில்.

இரண்டு நாள் வேலை. உருளையைப் பொனட்டுக்குள் இரும்புப் பட்டை போட்டு நிறுத்தினேன். எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த பித்தளை அடைப்பைக் கழற்றி, அங்கே செப்புக் குழாயின் நட்டை விரலால் திருகிவிட்டேன். பக்கத்திலேயே புகைக்குழாய் ஓடுவதால் இடது கை மட்டும்தான் நுழையும் சந்து அது. ஸ்பானர் போட்டு ஒரு முடுக்கு முடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து டீமேக்கர் ஐயா வாசலில் வந்து நின்றார். தொழிற்சாலை முழுவதும் அவர் பொறுப்பு. மறுநாள் ஆயுத பூசை.

"எல்லாச் சாமானையும் கொண்டா. ஒன்னு கொறையக் கூடாது."

"ஐயா, ஒரே ஒரு நட்டு."

"சாமிக்கு வைக்கிற நேரத்துல என்ன நட்டு? வண்டிக்கும்தானே பூசை? நாளான்னைக்குக் காலையில வரைக்கும் அது எங்க போகப் போகுது?"

அதுவும் சரிதானே என்று பட்டது. ஸ்பானர், சுத்தியல், டிரைவரின் பெட்டியில் இருந்த சாமான்கள், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வெள்ளைத் துணிமேல் போய் உட்கார்ந்தன. பிக்கப்புக்கு வாழைக்கன்று கட்டி மாலை போட்டார்கள். மறுநாள் விடியற்காலையிலேயே ஐயா பூசையை முடித்து, சாமான்கள் இருந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அட்டனில் இருந்த சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த மறுநாள்தான் அப்பாவுக்கு விசாரணை.

பிரஜாவுரிமை விண்ணப்பம். தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைச் சட்டம் பறித்திருந்த காலம்; விண்ணப்பித்துத்தான் திரும்பப் பெற வேண்டும். அப்பா கையெழுத்துப் போடத் தெரியாதவர். கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டி வெட்டி முப்பது வருடம் கழித்தவர். விண்ணப்பத்தில் இடது பெருவிரல் ரேகைதான் வைத்திருந்தார். அம்மாவும் இரண்டு தங்கைகளும் அந்தக் கோப்புக்குள்தான் இருந்தார்கள்; வயது வந்த எனக்குக் கோப்பு தனி. நுவரெலியாவில் இருந்த அரசாங்கக் கந்தோரில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஆஜராக வேண்டும் என்று கடிதம். போகாதவர்களின் கோப்பை மூடிவிடுவார்கள் என்பது தொழிலாளர் குடியிருந்த எல்லா லயத்துக்கும் தெரிந்த விஷயம். மூடினால் இந்த மண்ணில் நாங்கள் யாருமில்லை.

காலை பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றோம். ஒன்பது மணி போய்ப் பத்தரை ஆனது. பஸ் கீழே எங்கோ அச்சு முறிந்து நிற்கிறது என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போனார். அப்பா துரை பங்களாவை நோக்கி நடந்தார். துரை கடிதத்தைப் படித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். "பிக்கப் எடுத்துப் போ. சாமி கோவிக்க மாட்டார்" என்றார்.

முடுக்காத நட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. டிரைவர் சாமி கும்பிட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பொனட்டைத் தூக்கி அந்தச் சந்துக்குள் கையை விட்டேன். நட்டை என்னால் முடிந்த மட்டும் திருகினேன். என் இடது கைக்கு அவ்வளவு பலம் இல்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார் என்று மனத்துக்குள் ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அவர் முன்னால் தலை குனிய எனக்கு முடியவில்லை. பொனட்டைச் சாத்தினேன்.

முன் சீட்டில் மூவரும் நெருங்கி உட்கார்ந்தோம். நடுவில் அப்பா, மடியில் மஞ்சள் துணியில் கட்டிய கடுதாசிகள். பிறப்புத் துண்டு, தோட்டத்துப் பதிவு, துரை கொடுத்த கடிதம். நான் வெளியே பார்க்கவே இல்லை. ஒயில் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலவாக்கலை வரை அது அசையாமல் நின்றது. ஒருவேளை தாங்கிவிடும் என்று நினைத்தேன். நானுஓயா ஏற்றம் தொடங்கியதும் முள் ஒரு நூல் இறங்கியது. அடுத்த வளைவில் இன்னொரு நூல். பொனட்டுக்குள்ளிருந்து தீய்ந்த வாடை வந்தது.

"என்னா வாடை?" என்றார் டிரைவர்.

நான் முள்ளைத்தான் பார்த்தேன். அடுத்த வளைவில் முள் விழுந்தே விட்டது. அவர் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். பொனட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு பக்கம் முழுவதும் கறுப்பு. வந்த வழியெல்லாம் ரோட்டில் மினுமினுப்பாக ஒரு கோடு.

"அண்ணே, அந்த நட்ட நான் முடுக்கல" என்றேன். "ஸ்பானர் பூசைக்குப் போயிருச்சு."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரிஞ்சேதான் ஏறுனியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "என் பெட்டியும் அங்கதான்டா இருக்கு. ஒயிலு ஒரு டின்னு கெடக்கு, ஊத்தலாம். நட்ட எதால முடுக்குவ, ஒன் வாயாலயா?"

அந்த ரோட்டில் அன்று வேறு வண்டி எதுவும் வரவில்லை. மணி ஒன்று ஆகப் போகிறது. சந்துக்குள் கை விட்டேன். ஒயிலில் விரல் வழுக்கியது, சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டேன். இரண்டாவது தடவையும் அப்படியே.

"நகரு" என்றார் அப்பா.

கடுதாசி மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, தோள் துண்டின் நுனியைச் சுற்றிக்கொண்டு இடது கையை உள்ளே விட்டார். முப்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. அவர் தாடை இறுகியது. துண்டு விலகியதை நான் பார்த்தேன். அவர் கையை எடுக்கவில்லை. நட்டு கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அதற்குப் பிறகுதான் எடுத்தார், நிதானமாக. ரோட்டோரப் பீலியில் கொட்டிய ஊற்றுத் தண்ணீரில் கையைக் காட்டிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். டிரைவர் ஒயிலை ஊற்றி எஞ்சினைக் கிளப்பினார். முள் மெல்ல எழுந்து நின்றது.

பாதி வழியில்தான் கவனித்தேன். அப்பா கடுதாசி மூட்டையை வலது கையால் மட்டும் பிடித்திருந்தார். இடது பெருவிரல் தனியாகத் தூக்கி நின்றது, புகைக்குழாயில் பட்டு நுனி முழுவதும் வெள்ளையாகக் கொப்பளித்து. எந்த விரல் அது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். என்னைக் கதவோரம் நிற்கச் சொன்னார்கள். விசாரணை அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, ஒரு கிளார்க் தமிழில் சொன்னார். எந்த வருடம் எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளைகள். அப்பா தடுமாறவில்லை. கடைசியில் கிளார்க் மைப் பெட்டியைத் திறந்து அப்பாவின் கையைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

"என்ன இது?"

"அடுப்புல பட்டுருச்சுங்க."

"எப்போ?"

"நேத்துங்க."

அதிகாரி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். கொப்புளம் புதிது. நகக்கண்ணில் கறுப்பு ஒயில். அவர் கிளார்க்கிடம் ஏதோ சொன்னார். கிளார்க்கின் குரல் மாறியது. "இன்னைக்குச் சுட்ட காயத்தை நேத்துன்னு ஏன் சொல்றீங்க? அடுத்தவன் கோப்புல வர்றவங்களும் ரேகையை மறைக்க விரலைச் சுட்டுக்கிட்டு வர்றது உண்டு. தெரியுமா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். காலையில் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்ததன் பலன் கண் முன்னே கொப்பளித்து நின்றது. உத்தரவு கேட்காமல் உள்ளே போனேன். நட்டு, ஸ்பானர், பூசை, டீமேக்கர் இடுப்புச் சாவி என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். கிளார்க்குக்கே பாதி விளங்கவில்லை. அதற்குள் வாசலில் வந்து நின்ற டிரைவர், "சேர், வண்டி கீழதான் நிக்குது. வேணும்னா பாருங்க" என்றார்.

அதிகாரி சன்னலுக்குப் போனார். கீழே எங்கள் பிக்கப், வாழைக்கன்றும் மாலையுமாக, ஒரு பக்கம் முழுவதும் ஒயில் வழிய மழைத்தூறலில் நின்றது. அவர் வெகு நேரம் பார்த்தார். திரும்பி வந்து, ஏன் பொய் சொன்னீர்கள் என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னார்.

"தோட்டத்துக்குத் தெரிஞ்சா புள்ளைக்கு வேலை போயிருங்க" என்றார் அப்பா.

அதிகாரி எழுதினார். காயம் ஆறியபின் ரேகையை ஒப்பிட்டு முடிவு செய்வதாக இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்.

மறுநாள் காலை டீமேக்கர் அறையைத் திறந்ததும், டிரைவர் அந்த ஸ்பானரை எடுத்து என் கையில் வைத்தார். "இந்தா, தொடு" என்றார். சந்தனம் அழியாத ஸ்பானரால் நட்டை முடுக்கினேன். அரைச் சுற்றுகூட இல்லை.

அந்த இரண்டு மாதமும் நான் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. கொப்புளம் உடைந்து தோல் உரிந்தது. அடியில் வந்த தோல் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று, ஒரு கோடும் இல்லாமல் இருந்தது. தினமும் காலையில் அப்பா வெளிச்சத்தில் நின்று விரலைத் திருப்பிப் பார்ப்பார். நான் அவருக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அம்மா தேங்காயெண்ணெய் தடவுவாள், என் பக்கம் திரும்ப மாட்டாள். ஆறாவது வாரம் அடுப்புக் கரியைத் தொட்டு ஒரு காகிதத்தில் விரலை வைத்துப் பார்த்தோம். ஓரத்தில் இரண்டு மூன்று கோடுகள். அதைப் பார்த்து நான் லயத்துக்குப் பின்னால் போய் அழுதேன்.

மறுபடி போனபோது அதிகாரி ரேகையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பழைய வளையங்கள் அப்படியே இருந்தன, நடுவில் மட்டும் குறுக்காக ஒரு வெள்ளைத் தழும்பு. "சரி" என்றார். சில மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. அப்பா, அம்மா, தங்கைகள், நாலு பேரும் பிரஜைகள்.

அன்று சாயங்காலம் அப்பாவும் நானும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். நெடுநாள் மனத்தில் கிடந்ததைக் கேட்டேன். "அன்னைக்குக் காலையிலயே நான் நட்டப் பத்திச் சொல்லியிருந்தா என்னப்பா செஞ்சிருப்பீங்க?"

அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார். "என்னா செய்ய? அங்கேயே கையால முடுக்கியிருப்பேன். அப்ப எஞ்சினு பச்சத் தண்ணியாச் சில்லுன்னுதானேடா இருந்துச்சு."