ஆளில்லாக் கட்டடத்தில் நாங்கள் இருவர்

கண்டியில் நான் வேலை செய்த கட்டடத்தை நவீனமாக்குகிறோம் என்று பூட்டு, சாவி எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். கைபேசிச் செயலி இருந்தால்தான் கதவு திறக்கும் என்று பெருமை வேறு.

கலவரம் மூண்ட வாரம் அது. ஊரடங்கு வருகிறது என்றதும் மற்றவர்கள் மதியமே போய்விட்டார்கள். நானும் அலவத்துகொடையிலிருந்து வேலைக்கு வரும் ரிஸ்வானாவும் வேலையை முடித்துக் கீழே இறங்கியபோது, வதந்தி பரவாமலிருக்க அரசாங்கம் இணையத்தை நிறுத்தியிருந்தது. செயலி இயங்காததால் கதவு அசையவில்லை. பக்கத்துக் கடைக்கு யாரோ தீ வைத்துவிட, புகை உள்ளே வரத் தொடங்கியது.

"உம்மா வீட்டுல தனியா ஈக்கிறாங்க" என்று ரிஸ்வானா அழுதாள்.

கொழும்பிலிருந்து கட்டடத்தைக் கண்காணிக்கும் நிறுவனத்துக்கு அழைத்தேன்.

"அங்க ஒருத்தரும் இல்லையே மிஸ். சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்றார் ஒருவர்.

"உள்ளுக்குள்ள நின்னுதான் பேசுறேன்!"

"அப்ப ஆப்புல ஒருக்கா ட்ரை பண்ணிப் பாருங்க."

அழைப்பைத் துண்டித்தேன். தீயணைப்பு உருளையைத் தூக்கி, பின்கதவுக் கண்ணாடி நொறுங்கும்வரை அடித்தேன். சந்து வழியாக ஓடித் தப்பினோம்.

இணையம் திரும்பியதும் அந்த நிறுவனத்திடமிருந்து எல்லோருக்கும் செய்தி வந்தது: "ஆளில்லாத நேரத்தில் பின்கதவு உடைக்கப்பட்டுள்ளது. தெரிந்தவர்கள் அறிவிக்கவும்."

இப்போது எந்தக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும், இணையமும் மின்சாரமும் இல்லாமல் கதவைக் கையால் திறந்து காட்டச் சொல்கிறேன். "அதெல்லாம் தேவைப்படாது மிஸ்" என்று சிரிப்பவர்களை, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்று சிரிக்கச் சொல்கிறேன்.