தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள்

"உக்காந்து பார்டா, நின்னுக்கிட்டே பார்த்தா ஒண்ணும்..." என்பார் என் அப்பா. ஒண்ணும் தெரியாது என்றாரா, ஒண்ணும் ஆகாது என்றாரா, மறந்துவிட்டது. கம்பளத்தில் கொட்டிய காபியை எடுக்கும் தொழிலில் உட்கார்ந்தால்கூடப் போதாது, மண்டியிட வேண்டும்.

காபியைக் கொட்டிவிட்டு அதன்மேல் டீப்பாயை நகர்த்திப் போட்டு மறைத்தவர்களே, உங்களை எனக்குத் தெரியும். மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் பத்தொன்பது வருடம் கம்பளங்களைப் பார்த்துக்கொண்டவன் நான். போன வருடம் தாம்பரத்துக்குத் திரும்பி, ஸ்கூட்டரில் கம்பளத்து ஈரத்தையும் அழுக்கையும் உறிஞ்சும் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பழைய மேனேஜர் போன் செய்தார். அதே வேலை, அதே நாற்காலி. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், சரியென்றால் புதன்கிழமை விமானம். அந்த வாரம் முழுக்க என் முழங்கால் ஒரு வீட்டிலும் மனசு இன்னொரு இடத்திலுமாக இருந்தன.

வெந்நீர் வைத்தியம்

சேலையூரில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். காபியை ஆற்றுகிறேன் என்று டம்ளரை ஒரு முழம் தூக்கி டவராவில் ஊற்ற, பாதி கம்பளத்துக்குப் போய்விட்டது. உடனே கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றித் தென்னை நாரால் தேய்த்திருக்கிறார். கறுப்புக் காபியானால் இந்தக் கொடுமையைத் தாங்கியிருக்கும். நம் காபியில் பாதி பால். வெந்நீர் பட்டதும் அது நூலோடு வெந்து ஒட்டிக்கொள்கிறது. பச்சைத் தண்ணீர், பழைய வேட்டித் துணி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுவது. அவ்வளவுதான் ரகசியம்.

நான் மண்டியிட்டு ஒற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி ஆவி பறக்க ஒரு டம்ளர் காபியோடு வந்து நின்றார். அதே கம்பளத்தின்மேல் குடிப்பதா என்று நான் தயங்கியதைப் பார்த்து ஆசிரியர் சொன்னார்: "தைரியமா குடிங்க சார், கொட்டினாலும் எடுக்கிற ஆளு இங்கதானே இருக்கீங்க!"

நாலாவது மாடி

பெருங்களத்தூரில் அடுக்குமாடி ஒன்று. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மெஷினை நாலு மாடிக்குத் தூக்க வாட்ச்மேன் ஒரு கை பிடித்தார். எதற்கு இது என்றார். சொன்னேன். இரண்டாவது மாடியில் இறக்கி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னா சார், காப்பி கொட்னதுக்கு மெஷினா? எங்க வூட்ல கொட்னா தொட்ச்சிட்டுப் போய்கினே இருப்போம்!"

மேலே போன பிறகும் அந்தப் பேச்சு காதிலேயே இருந்தது. இதற்காகவா திரும்பி வந்தேன்? அந்த யோசனையில், கறை இருந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு நிமிர்ந்தேன். கறை சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் அந்த இடம் பௌர்ணமி நிலா மாதிரி வட்டமாக வெளுத்து, சுற்றியிருந்த மூன்று வருட அழுக்கைக் காட்டிக்கொடுத்தது. லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கிய வீட்டுக்காரப் பெண் சொன்னாள்: "கறையை எடுக்கச் சொன்னா, மிச்ச கார்ப்பெட் முழுக்கக் கறையாக்கிட்டீங்களே சார்!"

ஜன்னலுக்கும் கதவுக்கும்

வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை. வீட்டில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே இருபது தடவை காலை மடக்கி எனக்கு வழி விட்டாள். நான் போக வேண்டாம் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். போங்கள் என்று சொன்னாலும் சரி, கோபித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும். அவள் இரண்டும் சொல்லவில்லை. "ஒண்ணு கெளம்புங்க, இல்ல உக்காருங்க. நடுவுல நின்னா நான் எப்பிடிப் பெருக்குறது?"

மூன்றாம் முறை

மேற்குத் தாம்பரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். வீட்டம்மா மெஹருன்னிசா. அவர்கள் கூடத்துக் கம்பளத்தில் ஒரு செம்பு காபி சாய்ந்திருந்தது. திங்கட்கிழமை அந்த போன் வந்த சூட்டோடு போய், மேலாக ஒற்றி முடித்துவிட்டேன். புதன்கிழமை கூப்பிட்டார், கறை அங்கேயே இருந்தது. மறுபடி எடுத்தேன். சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டார். தப்பு என்னுடையதுதான். காபி அடித்துணி வரை இறங்கியிருந்தது. மேலே காயக் காய, திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல நூல் அதை மேலே இழுத்துக்கொண்டு வந்தது. அவசரக்காரனை அது விடாது.

சனிக்கிழமை அவசரப்படவில்லை. அடிவரை பச்சைத் தண்ணீரை இறக்கி, மெஷினால் இழுத்து, திரும்ப இறக்கி, திரும்ப இழுத்தேன். கடைசியில் வெள்ளைத் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் அவர்கள் வீட்டுச் சீரகச் சம்பா மூட்டையைத் தூக்கி வைத்தேன். மிச்சம் மேலே ஏறினாலும் துண்டுக்குத்தான் போகும்.

"வர்ற வெள்ளிக்கிழமை எம் பொண்ணப் பாக்க வர்றாங்கண்ணா. இந்தக் கூடத்துலதான் உக்காருவாங்க" என்றார் மெஹருன்னிசா. கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள். துண்டை எப்போது எடுக்கலாம், எப்போது மாற்ற வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அவர் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "வியாழக்கிழமை மறுபடி மேல வந்துச்சுன்னா, நீங்க ஊர்ல இருப்பீங்கல்லண்ணா?"

இருப்பேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து, ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி மஸ்கட்டுக்கு போன் போட்டு, நான் வரவில்லை என்றேன்.