ஆற்றுவாய் வெட்டிய அன்று

வாவி கடலில் சேரும் ஆற்றுவாயை அடைத்துக் கிடந்த மணல்மேட்டில் நாங்கள் விவசாயிகள் மண்வெட்டிகளோடு நின்றோம். வாவித் தண்ணீர் எங்கள் வயல் வட்டைக்குள் ஏறிப் பயிரை மூழ்கடித்திருந்தது. மேட்டை வெட்டினால் வெள்ளம் கடலுக்கு வடிந்துவிடும். மீனவர் சங்கத்திலிருந்து வந்த ஒருவர்தான் குறுக்கே நின்றார். காய்ந்த நெத்தலி மாதிரி ஒல்லியான மனிதர். எதைப் பேசுவதற்கு முன்னும் குனிந்து, வாவித் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்து உப்புப் பார்த்துத் துப்புவார்.

துப்பிவிட்டுச் சொன்னார்: “சினைக் கொடுவா மீன் இன்னும் இங்க வந்து சேரல்ல. அது உப்புத் தண்ணிக்குப் போய்த்தான் முட்டை போடும். இப்ப வெட்டினா, அது வாறதுக்குள்ள வெள்ளம் வடிஞ்சு, கடல் மண்ணத் தள்ளி வாய் மூடிப்போடும். ரெண்டு நாள் பொறுக்க ஏலாதா, தம்பி?”

பயிர் இன்னும் மூன்று நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

“ஏலாது அண்ணன். நாளைக்கே அழுகிரும்” என்றேன்.

“நெல்லப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்.” என் மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டை அவரே வெட்டினார்.

அடுத்த வாரம் போனபோது வாய் மூடிக் கிடந்தது. வயிறு புடைத்த கொடுவாக்கள் மணலோரம் வழி தேடி அலைந்தன. முழங்கால் தண்ணீரில் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் குனிந்து, தண்ணீரை நாக்கில் வைத்துத் துப்பினார்.

“வெள்ளாமை தப்பிற்றா, தம்பி?”

“ஓம்” என்றேன்.

அவர் முகத்தில் வந்த நிம்மதி பொய்யில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.