ரஞ்சினி அக்காவின் முதல் கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை மாண்ட்ரியாலின் லாசால் பகுதியில் எங்கள் அலுவலகத்தில் ஃபேக்ஸ் மெஷினுக்குக் காகிதம் போட்டுக்கொண்டிருந்தபோது ரஞ்சினி அக்காவின் மகன் அழைத்தான். "அங்கிள், அம்மா விடியக் காலமை போயிட்டா" என்றான். ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெரியும். திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். போனை வைத்துவிட்டு அவருடைய நாற்காலியைப் பார்த்தேன். அவருடைய சால்வை இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அழுதுவிட்டேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் ஐரோப்பியப் பிரிவே அவர் கையில்தான் இருந்தது. துறைமுகத்து ஆட்களைப் பிரெஞ்சில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, கடைசியில் தேனாக ஒரு "மெர்சி" சொல்லிப் போனை வைப்பார். விமானமா, கப்பலா, லாரியா, எது மலிவு என்று யார் கேட்டாலும் விலைக்கு முன்னால் அவர் வாயில் வருவது ஒரே கேள்விதான். "விலையைப் பேந்து பாப்பம். அங்க ஆர் நிண்டு எடுக்கினம்?"

திருச்சியிலிருந்து வந்த எனக்கு அட்டவணை போடாவிட்டால் தூக்கம் வராது. நான் கிலோவுக்கு என்ன விலை என்று பார்ப்பேன். அவர் சாமான் எத்தனை கை மாறுகிறது, எங்கே தொலையும் என்று பார்ப்பார். "சாமான் ஓடேக்க துலையிறேல்லை, தம்பி. கை மாறேக்கதான் துலையிறது" என்பார். இதை வைத்து நாங்கள் சண்டை போடாத வாரமே கிடையாது.

அவரை நினைத்தாலே எனக்கு ஞாபகம் வருவது பக்கத்துப் புரோசார்டில் இருந்த வாடிக்கையாளர் துரை அண்ணனின் சரக்குதான். துரை அண்ணனின் தங்கை ஜெர்மனியில் இருந்தார். தங்கையின் மகள் லண்டனில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அங்கே கல்யாணம். ஆனால் தாயின் அகதி விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தது. அவரால் எல்லை தாண்ட முடியாது. பெற்ற மகளின் கல்யாணத்துக்குப் போக முடியாத அந்த அம்மா, தன் கையால் சுட்ட பலகாரத்தையும் இரண்டு குத்துவிளக்கையும் அனுப்ப நினைத்தார். ஐரோப்பாவுக்குள் போகிற சாமானுக்கு மாண்ட்ரியாலில் வந்து நிற்கிறாரே என்று கேட்டதற்கு, "எனக்கு ரஞ்சினியைத்தான் தெரியும்" என்றார் துரை அண்ணன்.

நான் உடனே அட்டவணை போட்டேன். கப்பலில் மலிவு; ஆனால் மற்றவர்களின் சரக்கும் சேர்ந்து கொள்கலன் நிரம்பும்வரை பலகாரம் காத்திருக்குமா? விமானம் வேகம், ஆனால் பித்தளை எடைக்குக் கட்டணம் எகிறியது, வழியில் நாலைந்து பேர் பெட்டியைத் தூக்கிப் போடுவார்கள். லாரி என்றால் வீட்டு வாசலில் ஏற்றி, லாரி ஏற்றும் படகில் கடலைக் கடந்து, வியாழக்கிழமை லண்டனில் வாசலிலேயே இறக்கிவிடும். அட்டவணையும் அக்காவும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான நாள் அது.

"லொறி எப்ப வெளிக்கிடுது?" என்றார் துரை அண்ணன்.

"செவ்வாய்க்கிழமை" என்றேன்.

அவ்வளவுதான்! மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "செவ்வாயில கலியாணச் சாமான் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது. தாயும் ஒருக்காலும் சம்மதியாள்."

"லாரிக்குப் பஞ்சாங்கம் தெரியாது சார்! அதை விட்டா வெள்ளிக்கிழமைதான். கல்யாணம் முடிஞ்சு போய்ச் சேரும்" என்று நான் எரிந்து விழுந்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அந்த மனிசிக்கு வேற என்ன இருக்கு, தம்பி? நாளாவது நல்ல நாளா இருக்கட்டும்" என்றார். பிறகு துரை அண்ணனிடம், "பக்கத்து வீட்டில ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். ஒரு வயதான ஜெர்மன் பெண்மணி இருந்தார். "அப்ப திங்கட்கிழமை நல்ல நேரம் பாத்து, பெட்டியளைத் தூக்கி அவவின்ர வீட்டில வைக்கச் சொல்லுங்கோ. வீட்டை விட்டு வெளிக்கிட்டாச்சு. செவ்வாய் லொறி அங்க வந்து ஏத்தட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் பயணத்துக்கு முன் மூட்டையை நல்ல நேரத்தில் அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள், பரஸ்தானம் என்பார்கள். சரக்கு லாரிக்கும் அதைச் செய்யலாம் என்று யாருக்குத் தோன்றும்? ஏற்றும் முகவரி ஒரு வீடு தள்ளி மாறியது. ஜெர்மன் முகவர் காரணம் கேட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். "சமய காரணம் எண்டு எழுதும்" என்றார் அக்கா. எழுதினேன்.

லண்டனில் மணப்பெண்ணே வாசலில் நின்று வாங்க வேண்டும் என்றும் அக்கா பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை துரை அண்ணன் ஓடி வந்தார். பெண் பலகார டின்னைத் திறந்துவிட்டு, தாய்க்குப் போன் போட்டு, "அம்மா, ஒண்டும் உடையேல்லை" என்று அழுதாளாம். அந்த ஜெர்மன் பெண்மணியோ பெட்டிகளுக்குக் கீழே தன்னுடைய நல்ல மேசைவிரிப்பை விரித்து வைத்தாராம். அக்கா அன்று முழுக்க மேசைவிரிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அக்கா இறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஜெர்மனியிலிருந்து அந்தத் தாய் வந்தார். இப்போது அவருக்குப் பயணப் பத்திரம் கிடைத்துவிட்டது. அக்காவை அவர் நேரில் பார்த்ததே இல்லை. மிராபெல் விமான நிலையத்தில் பெயர் எழுதிய அட்டையோடு நான்தான் நின்றேன். பயற்றம் பணியாரம் நிறைந்த டின்னை மார்போடு அணைத்தபடி வந்தார். வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை.

"இந்த முறை ஒருதற்ற கையிலயும் குடுக்கேல்லை, தம்பி. மடியிலயே வைச்சுக்கொண்டு வந்தனான்" என்றார்.

அக்காவின் படத்துக்கு முன்னால் அவரே படைத்தார். ஒன்றுகூட உடையவில்லை.

அக்காவின் சால்வையை மகனிடம் கொடுத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். நேற்று ஒருவர் அழைத்து, இத்தாலியிலிருந்து ஸ்பெயினுக்கு விமானமா, கப்பலா, லாரியா, எது மலிவு என்று கேட்டார். அட்டவணை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"விலை இருக்கட்டும் சார்" என்றேன். "அங்க யார் நின்னு எடுக்கறாங்க?"