பெஞ்சில் கூட இருந்தவர்கள்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் கூட்டத்தில் வருகைப் பதிவு எடுப்பார்கள். யார் தொடங்கிய வழக்கமென்று தெரியவில்லை. செட் செட்டாகப் பெயர் கூப்பிட, வந்திருப்பவர் எழுந்து, தலை நரைத்திருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் ஐயா" என்று சொல்லவேண்டும். இறந்துபோனவர்கள் பெயரையும் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு, அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் எழுந்து "உள்ளேன்" சொல்லுவார். பிறகு அந்த ஆளைப் பற்றி இரண்டொரு வார்த்தை. லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று இறந்துபோன ஒருவரைப் பற்றி அவருடைய கூட்டாளி, "கணக்குல புலி, எஞ் சோத்துவாளிக்குத் திருடன்" என்று சொல்லிவிட்டு, சிரிக்க முடியாமல் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அனுமந்தன்பட்டிப் பக்கம் திராட்சை போட்டவர் ஒருவர் போனபோது, "வகுப்புல ஒரு கேள்விக்கும் வாயத் தெறக்க மாட்டான். யாவாரிக்கிட்ட வெல பேசும்போதுதான் அவனுக்குப் பேச வரும்னே எங்களுக்குத் தெரியும்" என்றார்கள்.

இந்த வருடம் எங்கள் செட்டுக்குப் பெயர் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான். இப்போது சின்னமனூரில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். எழுதினேன். கடைசியில் அவள் பெயரையும் எழுதினேன்.

அவள் எட்டாம் வகுப்பு அரைப்பரீட்சையோடு நின்றவள். அவளுடைய அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும், தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பில் அம்மாவின் இடத்தில் இவள் ஏறினாள். எங்கள் ஊருக்கு விடியுமுன் ஜீப்புகள் வரும். பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு, குமுளி மலைக்கு மேலே இருக்கிற ஏலத்தோட்டங்களுக்குப் போகும். பொழுது சாயத் திரும்பும். என் அம்மாவும் அதில்தான் போகிறாள். போன மழைக்காலத்தில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தபோது, காற்றில் நிழல்மரத்தின் கொப்பு ஒன்று முறிந்து, என்னோடு படித்த அவள்மேல் விழுந்தது. தோட்டத்திலேயே உயிர் போய்விட்டது.

ஓட்டப்பந்தயத்தில் பையன்களையும் சேர்த்து முந்துகிறவள் அவள். முந்தியதோடு விடமாட்டாள். கோட்டுக்கு அந்தப்பக்கம் கைகூப்பி நின்று, "வாங்க வாங்க, சாப்ட்டுத்தான் வந்தீகளா?" என்று எங்களை வரவேற்பாள். தோற்றதைவிட அதுதான் எரிச்சலாக இருக்கும்.

கூட்டத்துச் சேதி கேட்டு அவளுடைய அம்மா என்னைத் தெருவில் நிறுத்தினாள்.

"எம் பிள்ள பேரையும் கூப்பிடுவாகளாய்யா?"

"கூப்பிடுவாக அத்தை."

யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதிலிருந்து பின்வாங்குவதாக இல்லை.

பழைய மாணவர் சங்கச் செயலாளர் எங்கள் ஊர்க்காரர்தான். தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தவர், கடைசிப் பெயரில் விரலை வைத்தார்.

"இது எட்டாப்புல நின்ன பிள்ளையில்ல?"

"ஆமாண்ணே."

"பத்து முடிச்சவுக பேரத்தான்ப்பா கூப்பிடுறது. நடுவுல நின்னவுகளச் சேத்தா பொங்கல் வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும்."

"கூப்பிடுவோம்ண்ணே. அவ ஒண்ணாப்புலருந்து ஒக்காந்தது வேற பள்ளிக்கூடமா?"

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "வாத்தியாரானதும் வாய் நீண்டுருச்சுலே ஒனக்கு."

இரண்டு பேருக்குக் குடம் விற்றுவிட்டுத் திரும்பி வந்தார். நான் அங்கேயே நின்றேன்.

"சரி. பெஞ்சுல கூட இருந்தவ வந்து உள்ளேன் சொல்லணும். அதான் மொற. ஆளு வந்தா கூப்பிடுறேன். வரலேன்னா நான் கூப்பிட மாட்டேன், நீயும் கேக்கக் கூடாது."

ஜெயித்துவிட்ட மாதிரிதான் வீட்டுக்கு வந்தேன். அம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் எப்ப?"

"ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு."

அம்மா சிரித்தாள். "பத்து மணிக்கு அவ பெஞ்சுக்காரிக எங்கலே இருப்பாளுக? காய் எடுக்குற காலத்துல ஞாயிறேது, திங்களேது? அங்கன, எம் பக்கத்துலல்ல குனிஞ்சு கெடப்பாளுக!"

அவளோடு பெஞ்சில் இருந்த நான்கு பேருமே படிப்பை விட்டு மலைக்குப் போகிறவர்கள். ஜீப்பை விட்டு இறங்கிய ஒருத்தியிடம், ஒருநாள் மட்டும் வேலைக்குப் போகாமல் நிற்க முடியுமா என்று கேட்டேன்.

"சீசன்ல நின்னா ஜீப்புல எடம் போயிரும் வாத்தியாரே. மறுநா வேற ஒருத்தி ஒக்காந்திருப்பா." தூக்குவாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ஏன், ஒங்க கூட்டத்தப் பொழுதுசாய வச்சா ஆகாதா? இதக்கூடச் சொல்லத் தெரியாமத்தான் பி.எட். படிச்சியாக்கும்?"

மறுநாள் பள்ளி விட்டதும் தேனி பஸ் ஏறினேன். அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது என்றார் செயலாளர். அடுத்த நாளும் போனேன். சிறப்பு விருந்தினருக்குக் காலையில்தான் தோது என்றார். அதற்கடுத்த நாள் போனபோது, "ஏலே, ஒனக்கு இங்கன ஒரு ஸ்டூலு போட்டுரவா?" என்று கேட்டார்.

"போடுங்கண்ணே. போன வருசம் நாற்காலி பாதி காலியாக் கெடந்துச்சே, ஏன்னு நெனச்சீக?"

"நன்றி கெட்ட ஊருன்னு நெனச்சேன்."

"ஊரு மலையில இருந்துச்சுண்ணே."

கையிலிருந்த பித்தளைச் சட்டியைக் கொஞ்ச நேரம் துடைத்தார். அது ஏற்கெனவே பளபளத்துக்கொண்டுதான் இருந்தது.

"பேச்செல்லாம் காலைல முடிஞ்சிரட்டும். பதிவ மட்டும் சாயங்காலம் வப்போம். ஆனா நான் சொன்னது சொன்னதுதான். ஆளு வரணும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே மலை கறுத்துக் கிடந்தது. சாயங்காலம் பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்காலி நிரம்பிவிட்டது. வயலிலிருந்தும் கடையிலிருந்தும் வந்திருந்தார்கள். அவளுடைய அம்மா முன்வரிசையில், மடிப்புக் கலையாத சேலையில் உட்கார்ந்திருந்தாள். ஜீப்பை மட்டும் காணோம். மேலே மழை, பாதையில் வண்டிகள் நிற்கின்றன என்று போன் வந்தது. பழைய செட்டுகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வந்தன. எப்போதும் கடகடவென்று வாசிக்கிற செயலாளர் அன்றைக்கு அடிக்கடி தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார். அவர் எதற்காக இழுக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

எங்கள் செட்டைப் பாதி வாசித்திருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. நனைந்த தலைத்துண்டோடு, ஏலக்காய் வாசனையோடு, தூக்குவாளிகள் மோதிக்கொள்ள நான்கு பேரும் ஓடிவந்தார்கள். பின்னால் என் அம்மாவும் இறங்கி வந்தாள்.

"கூப்பிட்டுட்டாகளா?"

"இல்ல, ஒக்காருங்க."

செயலாளர் அவளுடைய பெயரைக் கூப்பிட்டார். நான்கு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"உள்ளேன் ஐயா!"

"யாராச்சும் ஒரு ஆளு சொன்னாப் போதும்த்தா."

"எப்பிடிண்ணே ஒரு ஆளு சொல்ல?" என்றாள், என் பி.எட்.டைக் கேலி செய்தவள். "படிக்கிற காலத்துலயே சீசனுக்கு எங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போயிருவாக. சார் பேரு கூப்பிட்டா நாலு பேருக்கும் அவதான் நாலு கொரல்ல உள்ளேன் ஐயாம்பா. அதுலயும் எம் பேருக்கு மட்டும் மூக்கடைச்ச கொரலு, கழுத!"

மண்டபம் சிரித்தது. "இது எனக்குத் தெரியாதே" என்று அவளுடைய அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். சிரிப்பும் கண்ணீருமாக முந்தானையை எடுத்துக்கொண்டாள்.

செயலாளர் தாளைத் திருப்பினார். அவர்கள் நால்வரும் உட்காரவில்லை.

"அண்ணே, எங்க பேரு?"

"ஒங்க பேரா?"

"நாங்களும் அந்தப் பெஞ்சுதானே. செத்தாத்தான் கூப்பிடுவீகளா?"

செயலாளர் என்னைப் பார்த்தார். தாளில் அந்த நான்கு பெயர்களும் இல்லை. எழுதிக் கொடுத்தவன் நான். போனவளுக்காக அத்தனை தூரம் அலைந்தேன். எதிரே உயிரோடு நிற்கிறவர்களை நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை.

மேடைக்குப் போய் மைக்கைக் கேட்டேன். கொடுத்தார். தாள் வேண்டியிருக்கவில்லை. நடுவில் நின்றவர்கள் யார், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் கண்ணுக்குள் இருந்தது. சன்னலோரப் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தேன்.

வெளியே ஜீப்காரன் நேரமாகிவிட்டதென்று ஹாரன் அடித்தான். அவனும் எங்கள் செட்தான், ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்.

"வண்டிய நிறுத்திட்டு உள்ள வாலே," என் அம்மா வாசலில் நின்று அதட்டினாள். "ஒம் பேரும் வருது."