பத்மாக்கா வீட்டில் சத்தமாகப் படித்த நாலு புத்தகங்கள்

என் கணவர் எட்வின் போன வருடம் மழைக்காலத்தில் மாரடைப்பில் இறந்து போனார். எனக்கு அழுகை வரவில்லை. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லும் இந்தச் சாட்சி அதைப் பற்றியதுதான்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். எல்லோருக்கும் காபி வந்ததா என்று பார்த்தேன். "தைரியமான பொம்பளை" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. தைரியமாவது ஒன்றாவது. மரத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. அவர் கம்ப்யூட்டரில் பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவர். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் எங்கே கை வைத்தாலும் பென்சில் தட்டுப்படும். அவர் போன பிறகு நான் ஒரு கோடு கூடப் போடவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம், "உங்களுக்குப் பிடிச்சதை வரைங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று ருசி பார்த்தால் தெரியாது. ஜெபிக்க முழங்கால் போட்டால் ஒரே வரிதான் வரும். ஆண்டவரே, எனக்கு அழுகையைக் கொடுங்கள். கடையில் தக்காளி கேட்பதைப் போலக் கேட்பேன். மனதில் எதுவும் அசையாது. ஆனாலும் கேட்பதை மட்டும் விடவில்லை.

பொங்கல் விடுமுறையில் எங்கள் பாஸ்டரம்மா ஒரு துணிப்பையில் நாலு புத்தகங்கள் கொண்டுவந்தார். "படிங்க சிஸ்டர், மனசு கொஞ்சம் லேசாகும்" என்றார். ஒன்று கற்பனைத் திறனை வளர்ப்பது பற்றி. ஒன்று வாழ்க்கையில் முன்னேறுவது பற்றி. ஒன்று ஓவியம் பழகுவதற்கு. இன்னொன்று விசுவாசத்தைப் பற்றி. எனக்கு வாசிப்புப் பழக்கம் உண்டு. ஆனால் முதல் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தும் ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் பத்மாக்கா. தறிக்காரர் குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிறவர். அந்த வாரம் அவர் வீட்டில் பாவு பிணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள். பழைய பாவு முடியும்போது அதன் நுனி இழைகளை அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் விரலில் சாம்பல் தொட்டு அதோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அசையாமல் உட்கார்ந்து செய்கிற வேலை. நான் கையில் புத்தகத்தோடு வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"என்னா டீச்சர், சும்மா நின்னுக்கினு இருக்கே? உள்ள வந்து சத்தமா படிம்மா. எனக்கு கைதான் வேலையா இருக்குது, காது சும்மாதானே இருக்குது."

மாட்டேன் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே. போய் உட்கார்ந்து படித்தேன், பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்பு சொல்கிற மாதிரி. தினமும் போனேன்.

முன்னேற்றப் புத்தகம் விடியற்காலையில் எழுந்து மௌனமாக உட்காரச் சொன்னது.

"அப்பதான் குழாய்ல தண்ணி வரும். மௌனமா உக்காந்தா யாரு புடிப்பா?"

கற்பனைப் புத்தகம் தினமும் வழக்கமில்லாத ஒரு காரியத்தைச் செய்யச் சொன்னது.

"செஞ்சா எங்க வூட்டுக்காரரு என்னை டாக்டர்கிட்ட கூட்டினு போயிடுவாரு."

விசுவாசப் புத்தகத்தை மட்டும் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "உங்க சாமியும் லேட்டாதான் வராரா?" என்றார். நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஓவியப் புத்தகத்துக்கு வந்தோம். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கைத் தொட்டுப் பாருங்கள், விரல் உணர்ந்ததை வரையுங்கள் என்று அதில் ஒரு பயிற்சி. நான் படித்து முடிப்பதற்குள் பத்மாக்கா கண்ணை மூடி மூக்கைத் தடவ ஆரம்பித்துவிட்டார். பிறகு அதே மும்முரத்தில் வேலையைத் தொடர்ந்தார். ஒரு சாண் தூரம் போன பிறகுதான் பார்த்தார். ஓர் இழையைத் தவறவிட்டிருந்தார். அதற்குப் பிறகு சேர்த்த அத்தனையும் இடம் மாறியிருந்தன.

"அய்யய்யோ! உன் புஸ்தகத்தாலதான் ஆச்சு. அத்த கீழ வச்சிட்டு வந்து எதிர்ல உக்காரு. பிரிச்சி எடு."

உட்கார்ந்தேன். பட்டு இழை மெல்லியது. கவனம் பிசகினால் அறுந்துவிடும். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எட்வின் போன பிறகு முதல்முறையாக என் கை ஒரு வேலையைக் கவனித்துச் செய்தது. பத்மாக்கா தனக்குள்ளேயே சிரித்தார்.

"எட்வின் சார் மட்டும் இத்த பாத்திருந்தாருன்னா! அந்த மனுஷன் சிரிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்குமே!"

அவர் பெயரை அதுவரை யாரும் என் எதிரில் சொன்னதில்லை. சபையில் கூட, "நடந்தது நடந்துபோச்சு" என்றுதான் பேசுவார்கள். நிமிர்ந்து பார்த்தேன். பத்மாக்காவின் மூக்கு முழுக்கச் சாம்பல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழுதுகொண்டிருந்தேன். என்னால் நிறுத்த முடியவில்லை.

"பாவு மேல கண்ணீர் வுடாதம்மா, பட்டு கறையாயிடும்" என்று சொல்லி என் தலையைத் தன் தோள்மேல் இழுத்துக்கொண்டார் பத்மாக்கா. அவரும் அழுதார்.

அன்று சாயங்காலம் முழங்கால் போட்டேன். "எட்வின் செத்துட்டாரு ஆண்டவரே" என்றேன். அத்தனை நாள் ஜெபித்தும் இந்த ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

இப்போது வரைகிறேன். வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்தே வரைகிறேன். துக்கம் போய்விடவில்லை. சில நாள் மறுபடியும் மரத்துத்தான் போகிறது. ஆனால் உப்பு தெரிகிறது. அதற்காக ஸ்தோத்திரம் சொல்கிறேன். அந்த நாலு புத்தகங்களில் எது நல்ல புத்தகம் என்று சபையில் கேட்கிறார்கள். நாலையும் படியுங்கள், பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு சத்தமாகப் படியுங்கள் என்கிறேன்.

என்னைப் போல மரத்துப் போய் உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே, மனம் உருகிய பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஓர் உணர்ச்சியும் இல்லாத என் ஜெபத்துக்குத்தான் ஆண்டவர் பதில் கொடுத்தார்.