நினைவஞ்சலியில் வராத நான்கு வரிகள்

திருச்செங்கோட்டில் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவதோடு விளம்பரமும் நானே வாங்கி வந்தேன். எங்கள் பக்கம் ஒருவர் இறந்து ஓராண்டானால் நினைவஞ்சலி வந்தாக வேண்டும். மேலே படம், நடுவில் நான்கு வரிக் கவிதை, கீழே மனைவியில் தொடங்கி உறவினர் பெயர்கள். கவிதையை யாரும் எழுதுவதில்லை. அணைந்த விளக்கு, உதிர்ந்த பூ என்று கணினியில் ஆயத்தமாகக் கிடக்கும். விரல் வைத்துக் காட்டினால் போதும்.

வெளிமாநிலத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போய் விபத்தில் இறந்துபோன ரிக் லாரிக்காரர் ஒருவருக்கு அஞ்சலி கொடுக்க இரண்டு பேர் வந்தார்கள்: இறந்தவரின் மனைவி, இறந்தவரின் அண்ணன். அண்ணன் அணைந்த விளக்கைக் காட்டினார்.

“நானே எழுதியிருக்கறனுங்க” என்றார் அந்தப் பெண். கையில் தாள் இல்லை. மனப்பாடமாகச் சொன்னார்.

“அப்புறம் பேசறேன்னு சொன்னே.
போனைச் சார்ஜ் போட்டே வெச்சிருக்கேன்.
உம்மேல கோவம் தீரலை.
தீர்ந்துட்டா நீ மொத்தமாப் போயிருவே.”

நான் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார்.

“நிறுத்துங்க சார். ஏன் அம்மிணி, இது அஞ்சலியா, சண்டையா? இருந்த வரைக்கும் வாங்க, போங்கன்னவ, இப்ப நீ, வா, போன்னா ஊரு சிரிக்காதா?”

“டாக்டர்தானுங்க மாமா எழுதச் சொன்னாரு.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “சேலத்துல மனநல டாக்டருங்க. சோறு தண்ணி இல்லாம கெடந்துச்சு. மாத்திரை குடுத்து, மனசுல இருக்கறதை எழுதவும் சொன்னாரு. எழுத எழுதத்தான் தேறுச்சு, நான் இல்லைங்கலை. ஊட்டுல எழுதட்டும். அதுக்குன்னு பேப்பர்லயா?”

எனக்கு எரிந்தது. எழுத்து மனதுக்கு மருந்து என்று மேடையில் முழங்குபவர்களை நிறையச் செய்தியாக்கியிருக்கிறேன். மருந்தாக இருக்கும்வரை எல்லோருக்கும் சம்மதம்தான். விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது ஊர் கேட்க ஒரு வார்த்தை பேசிவிட்டால் மானம் போய்விடுகிறது. அந்தக் கோபத்தை எழுதித்தான் அந்தப் பெண் பிழைத்தார். அதை ஒப்புக்கொண்ட அதே வாய்தான் வேண்டாம் என்றது.

“அப்பக் கீழ எம்பேரைப் போடாதீங்க” என்றார் அந்தப் பெண்.

“பொண்டாட்டி பேரில்லாம அஞ்சலியா? வேற எவனையோ கட்டிக்கிட்டான்னு பேசுவாங்க!”

“பேசட்டுங்க மாமா. அந்த வெளக்கு நான் சொன்னதில்லை.”

அவர் சம்மதம் இல்லாமல் பெயரைப் போட முடியாது என்றேன். “இவரு பெரிய ஜட்ஜு” என்று அண்ணன் எழுந்து வெளியே போனார். வேறு ஏஜெண்டைப் பிடித்துக்கொண்டார்.

நினைவு நாளன்று விளம்பரம் வந்தது. நடுவில் அணைந்த விளக்கு. கீழே முதல் பெயராக அந்தப் பெண்ணின் பெயர்.

நான் டீக்கடையில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

“பாத்தீங்களா சார்?”

“பார்த்தேம்மா.”

“அது நான் சொன்னதில்லைன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?”

“தெரியும்.”

“என்னோடதை ஒருக்காச் சொல்லுங்க.”

சொன்னேன். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால், கோபம் என்ற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது.

“சத்தமாச் சொல்லுங்க சார்” என்றார்.

முதல் வரியிலிருந்து மறுபடி சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.